யாரும் கூட வராத விலை

உஸ்பெகிஸ்தானில் இருக்கிற எங்கள் அந்திஜானிலிருந்து இஸ்தான்புல்லுக்கோ துபாய்க்கோ தில்லி ஆஸ்பத்திரிக்கோ கிளம்புகிறவர்கள் பெட்டி கட்டுவதற்கு முன்பு செய்கிற முதல் காரியம், எங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவது. தட்டுவது என்று மரியாதைக்குச் சொல்கிறேன். எங்கள் தெருவில் யாரும் தட்டுவதில்லை, தள்ளிக்கொண்டு உள்ளே வருவார்கள். வந்ததும், "மஸ்தூரா இருக்காளா?" என்பார்கள். இருப்பாள். அவள் எங்கே போய்விடப் போகிறாள்?

மஸ்தூரா என் ஓரகத்தி. அவளுடைய வீட்டுக்காரர் மூத்தவர், என்னுடையவர் இளையவர். அவள் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து இருபத்தெட்டு வருஷம், நான் வந்து இருபத்திரண்டு. பஜாருக்குப் பக்கத்தில் ஒரு பயண அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். விமான டிக்கெட் போட அங்கே மூன்று பேர் உண்டு. வெளிநாட்டில் தங்க அறை பிடிப்பது அவள் ஒருத்திதான். இருபது வருஷமாக ஊராருக்கெல்லாம் உலகம் முழுக்கக் கட்டில் போட்டுக் கொடுத்தவள், போன இலையுதிர் காலம் வரை தாஷ்கண்டைத் தாண்டியதில்லை.

அவள் அறை பிடிக்கிற அழகைச் சொல்லத்தான் வேண்டும். இணையத்தில் காட்டுகிற விலையை அவள் நம்பவே மாட்டாள். அதைப் பார்த்துக் குறித்துக்கொள்வாள், அவ்வளவுதான். ரத்து செய்யக்கூடிய விலையில் ஒரு அறையைப் பிடித்து வைத்துவிட்டு, தினமும் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். விலை இறங்கினால் பழையதை விட்டுப் புதியதைப் பிடிப்பாள். ஒரே அறையை நான்கு தடவை பிடித்து மூன்று தடவை விட்டதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். கடைசியில் அந்த ஓட்டலுக்கே போன் போடுவாள். அதுவும் கண்ட நேரத்தில் போடமாட்டாள். அவர்கள் ஊரில் மத்தியானம் அறைகளைக் காலி செய்து முடித்து, எத்தனை அறை சும்மா கிடக்கிறது என்று வரவேற்பில் இருப்பவருக்குத் தெரிந்து, அவர் சாப்பிட்டும் முடித்த பிறகுதான். பசியோடு இருக்கிறவன் விலையை இறக்கமாட்டான் என்பது அவள் கண்டுபிடிப்பு.

ஒரு முறை துணி வியாபாரி ஹுர்ரியத் வந்து, கடல் தெரிகிற மாதிரி அறை வேண்டும் என்று கேட்டாள்.

"தூங்கறப்ப கண்ணைத் தொறந்துக்கிட்டா தூங்குவீங்க?" என்றாள் மஸ்தூரா அக்கா. "கடலைப் பாக்கணும்னா கடற்கரைக்குப் போய்ப் பாருங்க, அங்க யாரும் காசு கேக்கமாட்டாங்க. சுவத்தைப் பாத்த அறைன்னா ஒம்போது டாலர் கம்மி."

"சுவரே போதும்," என்றாள் ஹுர்ரியத்.

வெள்ளி, சனி இரவுகள் ஆகாது, ஞாயிற்றுக்கிழமை போய் இறங்கு. வரி சேர்த்துச் சொல்கிறானா, சேர்க்காமல் சொல்கிறானா என்று கேள். காலைச் சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, எவ்வளவு குறையும் என்று கேட்டுப் பார், குறையாது என்றால் வேண்டும் என்று சொல். இப்படி அவள் வாயிலிருந்து வருவதைக் கேட்டுக் கேட்டு எங்கள் வீட்டுக் கோழிக்குக்கூட ஓட்டலில் அறை பிடிக்கத் தெரியும்.

இனி வீட்டைப் பற்றி. நாங்கள் ஒன்பது பேர். அக்காவுக்கும் மூத்தவருக்கும் ஒரு அறை உண்டு, ஆனால் அதன் வழியாகத்தான் ஊறுகாய் ஜாடிகள் இருக்கிற உள்ளறைக்குப் போக வேண்டும். ஜாடி எடுக்க, ஜாடி வைக்க, ஜாடி இருக்கிறதா என்று பார்க்க, நாளைக்கு இருபது தடவையாவது யாராவது ஒருவர் அவள் படுக்கையைச் சுற்றிக்கொண்டு போவோம். அக்கா விடியும்போது எழுந்து வாசலைப் பெருக்கி, அத்தைக்குத் தேநீர் வைத்து, அலுவலகம் போய், மேஜைக்கு முன்னால் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பதில் சொல்லி, சாயங்காலம் வீடு திரும்பினால் முற்றத்தில் நான்கு பேர் தேநீர்க் கிண்ணத்தோடு காத்திருப்பார்கள். ராத்திரி பக்கத்தில் மூத்தவரின் குறட்டை. இதையெல்லாம் குறை என்று நான் அப்போது நினைக்கவில்லை. நானும் அப்படித்தான் இருக்கிறேன். எங்கள் ஊரில் வீடென்றால் அதுதான்.

போன அக்டோபரில் அவள் முதலாளிக்கு முட்டிவலி வந்தது. இஸ்தான்புல்லில் ஓட்டல்காரர்களும் பயண முகவர்களும் கூடுகிற ஒரு நாள் கூட்டத்துக்கு அவர் போயிருக்க வேண்டும். நடக்க முடியாததால் அக்காவைப் போகச் சொன்னார். டிக்கெட் அவர் செலவு. ஞாயிறு போய் வியாழன் திரும்ப வேண்டும். "அறையை நீயே பாத்துக்க, உனக்கு நான் சொல்லணுமா?" என்று சிரித்தாராம்.

அத்தையும் மூத்தவரும் சரி என்றார்கள், வேலை விஷயம் ஆயிற்றே. பத்து நாள் அக்கா தனக்காக அறை தேடினாள். ஊராருக்குத் தேடும்போது விலையை உரக்கச் சொல்லிக்கொண்டே தேடுவாள். இதை வாய் திறக்காமல் தேடினாள். கேரட் நறுக்கும்போது நடுவில் கையைத் துடைத்துக்கொண்டு போனைப் பார்ப்பாள், வைத்துவிடுவாள். முகத்தில் ஒரு களை. வெளியூர் போகிற சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அறிவு அவ்வளவுதான்.

மாதத்துக்கு ஒரு முறை எங்கள் தெருப் பெண்கள் ஒருவர் வீட்டில் கூடுவோம். பலாவ், தேநீர், ஊர் வம்பு. அந்த மாதம் எங்கள் வீட்டில். எங்கள் ஊர் வழக்கம் ஒன்றை இங்கே சொல்லவேண்டும். யார் கையில் புதிதாக எதைப் பார்த்தாலும் முதல் கேள்வி, எவ்வளவுக்கு எடுத்தாய் என்பதுதான். நன்றாக இருக்கிறது என்பதெல்லாம் அதற்கு அப்புறம். மழுப்பினால் தலைக்கனம் என்று பேர் வாங்க வேண்டியதுதான். அதிலும் மலிவாக எடுத்துவிட்டு விலையைச் சொல்லாமல் இருப்பது, பிள்ளைகள் பசியோடு இருக்கும்போது ஒளிந்து நின்று தின்பது மாதிரி.

ரிசாலத் அண்ணிதான் கேட்டாள். அவள் அத்தையின் மூத்த மகள். வீடு இரண்டு தெரு தள்ளி, குடித்தனம் எங்கள் வீட்டில்.

"ஏய் மஸ்தூரா, ஊருக்கெல்லாம் புடிச்சுக் குடுத்தே. உனக்கு எவ்வளவுக்குப் புடிச்சே? ஓசியிலயே வாங்கியிருப்பியே."

அக்கா கிண்ணங்களில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஐம்பது டாலர் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் போதும், பேச்சு அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் முப்பத்தெட்டிலிருந்து அடித்துப் பிடித்து இறக்கியவள் அவள். இருபது வருஷத் தொழிலில் அதுதான் அவளுடைய மிகச் சிறந்த விலை. அது வாயில் வந்து நிற்கும்போது எப்படி விழுங்குவாள்?

"இருபத்தொண்ணு," என்றாள்.

எல்லாரும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள்.

"ஆளுக்கா, அறைக்கா?" என்றாள் ரிசாலத் அண்ணி.

"அறைக்கு."

"அப்ப மூணு பேர் படுத்தா ஆளுக்கு ஏழு. ஏழு டாலருக்கு இங்க ஒரு நல்ல செருப்பு வாங்க முடியுமா? நான் வர்றேன்."

"அறை ரொம்பச் சின்னது அண்ணி."

"நாங்க என்ன ஒட்டகமா? சுருண்டு படுத்துக்கறோம்."

"ஒரே கட்டில்தான்."

"தரை இருக்கில்ல?"

அத்தை ரொட்டியைப் பிய்த்து எல்லார் முன்னாலும் வைத்துக்கொண்டிருந்தாள். "நானே கவலைப்பட்டுக்கிட்டு இருந்தேன்," என்றாள். "அந்நிய ஊர்ல தனியா எப்படிம்மா படுப்பே? கெட்ட கனா வந்தா தட்டி எழுப்ப ஒரு ஆள் வேணாமா? ரிசாலத் வரட்டும். சனோபரும் வரட்டும், அவளும் எங்க போயிருக்கா, பாவம்."

சனோபர் என்பது நான். பாவம் என்று என்னைச் சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. வருகிறேன் அத்தை என்று சொல்ல நான் மூச்சுகூட எடுத்துக்கொள்ளவில்லை. அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு, "நீ போய் தேநீர் போட்டுட்டு வா," என்றாள். அவள் கையிலேயே முக்கால் கெண்டி தேநீர் இருந்தது. நான் உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை, இஸ்தான்புல்லில் என்னென்ன வாங்கலாம் என்று பக்கத்தில் இருந்தவளிடம் ஆரம்பித்துவிட்டிருந்தேன்.

மறுநாள் அவள் ஓட்டலுக்குப் போன் போட்டு அந்த அறையை விட்டு, மூன்று கட்டில் போட்ட அறைக்கு மாற்றினாள். இருபத்தேழு டாலர், ஆளுக்கு ஒன்பது. எங்கள் இருவர் டிக்கெட் காசை, வாங்கி வருகிற துணியை விற்று எடுத்துவிடலாம் என்று அண்ணி கணக்குப் போட்டாள். தெருவே மெச்சியது. அவள் நன்றாகத் தூங்கவில்லை என்று கண்ணைப் பார்த்தால் தெரிந்தது. பயணப் பரபரப்பு என்று அதற்கும் ஒரு பேர் வைத்தோம்.

இஸ்தான்புல்லில் எங்கள் அறை மூன்றாம் மாடியில். மூன்று கட்டிலையும் போட்டபின் நடக்க இடமில்லை, ஒருவர் கட்டிலில் ஏறித்தான் இன்னொருவர் இறங்க வேண்டும். ஜன்னலைத் திறந்தால் சுவர். ரிசாலத் அண்ணி வந்த அன்றே குளியலறையில் கயிறு கட்டித் துணி காயப்போட்டாள். தேநீர் கொதிக்கிற பாத்திரத்தில் முட்டை அவித்தாள். ஊரிலிருந்து கொண்டுவந்த பதினான்கு ரொட்டியை மஸ்தூரா அக்காவின் தலைமாட்டில் அடுக்கினாள். அக்கா கழிப்பறைக்குப் போனால் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, "அந்தப் பச்சைத் துணி மீட்டர் எவ்வளவு சொன்னான்?" என்று கேட்பாள். பதில் வரும்வரை விடமாட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை அக்கா கூட்டத்துக்குப் போனாள். மத்தியானம் திரும்பியபோது ஓட்டல் வாசலிலேயே நாங்கள் இருவரும் பையோடு நின்றோம். பேரம் பேச அவள் வேண்டும். கால் வலிக்கிறது, கொஞ்சம் படுத்துக்கொள்கிறேன் என்றாள்.

"படுக்கறதுக்கா இவ்வளவு தூரம் வந்தே?" என்றாள் ரிசாலத் அண்ணி. "வீட்ல படுக்கலாம்."

அவள் சிரித்தாள் என்று நினைவு. வந்தாள். ஏழு கடை ஏறி இறங்கினோம். நான் ஒரு மேஜை விரிப்பு வாங்கினேன். பாதி விலை என்று பெருமை வேறு.

புதன்கிழமை நல்ல மழை. கடைசி நாள். ரிசாலத் அண்ணி கடைத்தெருவில் ஃபெர்கானாப் பெண்கள் ஐந்து பேரைப் பிடித்துவிட்டாள். நம்ம பக்கத்துப் பெண்கள் ஆயிற்றே என்று அறைக்கே கூட்டி வந்துவிட்டாள். மூன்று கட்டிலில் எட்டுப் பேர், நனைந்த கோட்டுகள், முட்டை நாற்றம். நடுவில் மஸ்தூரா அக்கா. அவர்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"ஒம்போது டாலரா? நாங்க பதினாறு குடுத்து ஏமாந்துட்டோம்," என்றாள் ஒருத்தி. "வசந்தத்துல வர்றப்ப எங்களுக்கும் நீதான் பாத்துத் தரணும். நம்பர் குடு தங்கச்சி."

"எங்க அறைக்கு வலப்பக்கம் ஒண்ணு, இடப்பக்கம் ஒண்ணு எடுத்துட்டா எல்லாரும் ஒண்ணாவே இருக்கலாம்," என்றாள் ரிசாலத் அண்ணி.

அக்கா நம்பர் கொடுத்தாள். பிறகு, கீழே போய்ச் சூடாகத் தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று எழுந்தாள். நான்கு கால்களைத் தாண்டி வெளியே போனாள். அவள் போன பிறகுதான் பார்த்தேன், கெண்டி இங்கேயே இருந்தது. அதை எடுத்துக்கொண்டு நானும் பின்னாலேயே இறங்கினேன்.

மாடிப்படியின் கடைசித் திருப்பத்தில் அவள் குரல் கேட்டது. துருக்கிக்காரர்கள் பேச்சும் எங்கள் பேச்சும் முக்கால்வாசி ஒன்றுதான், எல்லாம் புரிந்தது. வரவேற்பு மேஜையில் நரைமீசைக்காரர் ஒருவர் இருந்தார். அக்காவோடு போனில் பேரம் பேசியவர் அவர்தான்.

"இன்னொரு அறை வேணும். இன்னிக்கு ஒரு ராத்திரிக்கு மட்டும். ஒரு ஆளுக்கு."

"இருக்கும்மா. வந்து நின்னு கேட்டா அறுபத்துநாலு டாலர்." அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "சரி, ஆரம்பிங்க. நீங்க எவ்வளவு சொல்றீங்க?"

அக்கா பையைத் திறந்து நோட்டுகளை மேஜைமேல் வைத்தாள். கோட்டு வாங்க வைத்திருந்த பணம் அது. அவளுடைய பழைய கோட்டில் முழங்கை தேய்ந்துபோயிருந்தது.

அவர் நோட்டுகளைத் தொடவில்லை. "என்னம்மா இது? ஒரு டாலருக்காக என்னை ஆறு தடவை போன்ல கூப்பிட்டவங்க நீங்க. மழையில இனிமே யாரு வரப்போறா? நாப்பதுக்கு எடுத்துக்கங்க."

"வேணாம். அறுபத்துநாலே இருக்கட்டும்."

"முப்பத்தஞ்சு."

"அறுபத்துநாலு. ரசீதுலயும் அதையே போடுங்க."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கும்தான். முப்பது வருஷம் இந்த மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன், விலையைக் குறைக்காதே என்று சண்டை போடுகிற ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்றார். ஏன் என்று கேட்டார்.

"கம்மி விலைன்னா எல்லாரும் கூட வந்துடுவாங்க," என்றாள் அக்கா.

கெண்டியோடு நான் அப்படியே நின்றேன். பத்து நாள் வாய் திறக்காமல் தேடியதும், தேநீர் போட்டு வா என்று என்னை விரட்டப் பார்த்ததும், கால் வலிக்கிறது என்றதும் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்து என் கன்னத்தில் அறைந்தன. இருபத்திரண்டு வருஷம் ஒரே அடுப்பில் சமைத்தவள் நான். வெட்கமாக இருந்தது. அதைவிட, சொன்னால் யாரும் நம்பமாட்டீர்கள், பொறாமையாகவும் இருந்தது.

அவள் சாவியை வாங்கிக்கொண்டு திரும்பினாள். என்னைப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்து எல்லாம் வடிந்துபோயிற்று. ஆனாலும் பழக்கம் விடுமா? வாசலில் ஒரு ஆள் நின்றால் வா என்று சொல்லியே வளர்ந்தவர்கள் நாங்கள்.

"வா சனோபர்," என்றாள். "நீயும் வா. கட்டில் பெருசா இருக்கும்."

கூப்பிட்டதும் ஓடுகிற கால்தான் என்னுடையது. அன்றைக்கு அதைப் பிடித்து நிறுத்தினேன்.

"எனக்குக் கட்டுப்படியாகாதுக்கா," என்றேன்.

அவள் என் கையை ஒரு தடவை பிடித்துவிட்டு மாடி ஏறினாள். நான் மேலே போய், அலுவலகக் கூட்டத்துப் பெண்கள் அக்காவைக் கடலுக்கு அக்கரையில் ஒரு விருந்துக்குக் கூட்டிப் போய்விட்டார்கள், காலையில்தான் வருவாள் என்று ரிசாலத் அண்ணியிடம் சொன்னேன். அக்காவின் கட்டிலில் இரண்டு ஃபெர்கானாப் பெண்கள் காலை நீட்டிக்கொண்டார்கள்.

காலையில் பெட்டியை மூடும்போது அக்கா வந்தாள். அண்ணி குளித்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா செஞ்சீங்க?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"ஒண்ணுமே செய்யலடி. கட்டில்ல குறுக்கால படுத்தேன். அப்புறம் நெடுக்கால படுத்தேன்." சிறிது யோசித்தாள். "கீழ ஒரு எள்ளு ரொட்டி வாங்கினேன். யாருக்கும் பிச்சுக் குடுக்காம, முழுசா, கடிச்சே தின்னேன்."

ஐம்பது வயதுப் பெண்மணி இதைத் திருட்டைச் சொல்வது மாதிரிச் சொன்னாள். அத்தோடு முடிந்திருக்க வேண்டிய கதை.

எங்கள் ஊரில், வெளியூர் போய் வந்தால் வாங்கியதையெல்லாம் தரையில் விரித்துவைத்து, ஒவ்வொன்றாகத் தூக்கி விலை சொல்ல வேண்டும். மூன்று வீட்டுப் பெண்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். என் மேஜை விரிப்பு, அண்ணியின் துணிகள், பிள்ளைகளின் காலணி எல்லாம் முடிந்தது.

"உன் கோட்டு எங்க?" என்றாள் அத்தை.

"வாங்கல அத்தை."

"பணம்?"

அக்கா என்னைப் பார்த்தாள். "ஒரு ராத்திரி வேற அறை எடுத்தேன். அறுபத்துநாலு டாலர்."

முதலில் சிரித்தது ரிசாலத் அண்ணி. "யாரு, நீயா? அறுபத்துநாலா? ஆறுன்னு சொல்லு, நம்பறேன். எங்கயோ ஆறு டாலருக்கு ஒரு அறையைக் கண்டுபிடிச்சுட்டு ஒளிக்கறா." சொல்லிக்கொண்டே வந்தவளுக்குச் சட்டென்று வேறொன்று நினைவு வந்தது. சிரிப்பு நின்றது. "இரு. எந்த ராத்திரி? நீ விருந்துக்குப் போயிருக்கேன்னுதானே சனோபர் சொன்னா?"

முற்றத்தில் கூடியிருந்த பெண்களின் கண்கள் எல்லாம் ஒரே சமயத்தில் அக்காமேல் திரும்பின. அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று பெண்ணாய்ப் பிறந்தவளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. வெளியூரில் ஒரு ராத்திரி கணக்கில் வரவில்லை. எனக்கு வேறு வழியில்லை.

"விருந்துன்னு நான்தான் பொய் சொன்னேன்," என்றேன். "அறுபத்துநாலு குடுத்ததை என் கண்ணால பாத்தேன். தனியா இருக்கணும்னுதான் எடுத்தாங்க. தனியாத்தான் இருந்தாங்க. வேற ஒண்ணும் இல்ல."

அத்தையின் முகத்தில் முதலில் ஒரு நிம்மதி வந்தது. அது முழுதாக வந்து சேர்வதற்குள் வேறொரு பயம் வந்துவிட்டது.

"தனியாவா?" என்றாள். "எதுக்கு?"

"சும்மா," என்றாள் அக்கா.

"சும்மா எதுக்குடி ஒருத்தி தனியா இருப்பா? எங்களோட உனக்கு என்ன கொறை?"

"ஒரு கொறையும் இல்ல அத்தை."

"கொறை இல்லாதவ கோட்டுக் காசைக் குடுத்து ஒரு அறைக்குள்ள போய் ஒக்காருவாளா?" என்றாள் அத்தை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் அக்காவின் தலையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். "கண்ணு பட்டுருச்சு என் பொண்ணுக்கு. ஊர்பட்ட பேருக்கு ஒழைச்சு ஒழைச்சு எவ கண்ணோ பட்டுருச்சு."

ரிசாலத் அண்ணியும் அழுதாள். அதுவும் நடிப்பில்லை. மறுநாள் காலை ஓதுகிற அம்மா ஒருத்தி வந்தாள். காய்ந்த இசிரிக் செடியைச் சட்டியில் கொளுத்தி, அக்காவின் தலையைச் சுற்றிப் புகை போட்டாள். பிள்ளை பெற்றவளையும் துக்கத்தில் விழுந்தவளையும் எங்கள் பக்கத்தில் நாற்பது நாள் தனியே விடுவதில்லை. இவளையும் அப்படித்தான் பார்த்துக்கொள்ள வேண்டும், ஒரு நிமிஷம்கூடத் தனியே விடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நாங்கள் சொன்னதைச் செய்கிறவர்கள். அலுவலகம் போகும்போது அண்ணியின் மகள் கூடவே போய் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பகலில் ஒருத்தி, சாயங்காலம் ஒருத்தி என்று அத்தை முறை போட்டாள். ராத்திரி மூத்தவரை வேறு அறைக்கு அனுப்பிவிட்டு அத்தையே அக்காவின் பக்கத்தில் படுத்தாள். அக்கா குளித்தாலும் கதவுக்கு வெளியே நின்று யாராவது பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தோம். வந்தவர்கள் யாரும் வெறுங்கையோடு வரவில்லை. ஒருத்தி சம்சா செய்து வந்தாள், ஒருத்தி தேன், ஹுர்ரியத் ஒரு புதுக் கோட்டே கொண்டுவந்து போர்த்தினாள். கோபப்பட ஒரு ஆள்கூட இல்லை, அதுதான் கொடுமை. நான் உண்மையைச் சொல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்த்துவிட்டேன். அதுவும் நன்றாக இருந்திருக்காது. ஆனாலும் சொன்ன வாய் என்னுடையது.

முப்பத்தெட்டாம் நாள் அக்கா ஒரு தப்புச் செய்தாள். "இன்னும் ரெண்டு நாள்தானே அத்தை?" என்று கேட்டுவிட்டாள்.

அத்தை என்னைப் பார்த்து மெல்லத் தலையாட்டினாள். பிறகு சமையலறையில் என்னிடம் தனியாகச் சொன்னாள். "எண்ணிக்கிட்டு இருக்கா பாத்தியா? இன்னும் தெளியல." மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தோம்.

இன்றைக்கு இரண்டாவது சுற்றில் பதினேழாம் நாள். சாயங்காலம் என் முறை. அக்கா சுவரில் சாய்ந்து கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். நான் எதிரே உட்கார்ந்தேன். என்னால் வேறென்ன கொடுக்க முடியும்? வாயை மூடிக்கொண்டேன். கால் மணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் தோள் இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து இறங்கியதைப் பார்த்தேன்.

"என்னடி உள்ள சத்தத்தையே காணோம்?" என்றது முற்றத்திலிருந்து அத்தையின் குரல்.

அக்கா கண்ணைத் திறக்கவில்லை. "பேசுடி," என்றாள். "பேசலன்னா அவங்க வந்து ஒக்காந்துக்குவாங்க."

என்ன பேசுவது என்று தெரியவில்லை. போனை எடுத்தேன். அவள் எப்போதும் பார்க்கிற பக்கத்தைத் திறந்து, முற்றத்துக்குக் கேட்கிற மாதிரி உரக்கப் படித்தேன்.

"அல்மாத்தி. ஒருத்தர் படுக்கற அறை. காலைச் சாப்பாடு உண்டு. முப்பத்தொண்ணு."

"ரொம்பக் கம்மி," என்றாள் அக்கா.

"பாக்கு. ஒருத்தர் படுக்கற அறை. எழுபத்திரண்டு."

"இன்னும் மேல போ."

"துபாய். இருபத்தாறாவது மாடி. ஒருத்தர் படுக்கற அறை. இருநூத்தி முப்பது."

"ம்," என்றாள். "அங்க யாரும் வரமாட்டாங்க."

வெளியே அத்தை, பேச்சு நடக்கிறது என்று திருப்தியாகி, கோழியை விரட்டப் போனாள். அக்கா கண்ணை மூடியபடியே இருந்தாள். நான் அடுத்த ஊரைப் படித்தேன்.